நீர் தொடக்கூடாது

அருளம்பலம் மாஸ்டரை நான் கடைசியா உயிரோட கண்டது எண்டால், அவற்ற ரெண்டு காலையும்தான். மிச்ச ஆள் ஊஞ்சலுக்குக் கீழ. மகன்ர பழைய சப்பாத்து, ஒரு காலில கறுப்புச் சொக்ஸ், மற்றதில நீலம். பின்வளவுக் கதவை நான் திறந்த சத்தம் கேட்டிருக்கவேணும், கால் ரெண்டும் ஒருக்கா அசைஞ்சுது. "சம்பந்தியோ?" எண்டு கீழயிருந்து குரல் வந்துது. நான் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்குப் போய் இருந்து தேத்தண்ணியைக் குடிச்சன். அது போன செப்டெம்பரில ஒரு சனிக்கிழமை. புதன்கிழமை ஆள் இல்லை. நெஞ்சுவலி.

ஓம் தம்பி, நீர் இந்தத் தகரப் பேணியைப் பாத்துத்தானே கேட்டனீர், வாறன் அதுக்கு. இது ஸ்டெயின். மரத்துக்குப் பூசுறது. பெயின்ற் இல்லை. பெயின்ற் மரத்துக்கு மேல நிக்கும், இது மரத்துக்குள்ள போய் நிக்கும். நாலு லீற்றர். நிலத்தில வைச்சால் பஸ் திரும்பேக்க உருண்டு போயிடும் எண்டு மடியில வைச்சிருக்கிறன். ஏஜாக்சில மகள் வீட்டை போறன். நீர் எதில இறங்கிறீர்? அப்ப நேரம் இருக்கு.

நீர் எண்டு சொல்லுறன், குறை நினையாதேயும். நீர் என்ர மகளை விட இளசு. இங்க பிறந்தனீரோ? அச்சுவேலியோ? எங்கட யாழ்ப்பாணம்தான். அப்ப உமக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. என்ர பக்கத்து அப்பார்ட்மெண்டில ஒரு மதுரைக்காரர் இருக்கிறார், அவருக்கு இந்தக் கதையைச் சொல்லி நான் களைச்சுப் போனன். அவைக்கு நீ இருக்கு, நீங்கள் இருக்கு, அவ்வளவுதான். எங்களுக்கு நடுவில ஒரு படி இருக்கெல்லோ. நீ எண்டால் பிள்ளையளுக்கு. நீங்கள் எண்டால் மரியாதைக்குரிய ஆக்களுக்கு. நீர் எண்டது இடையில: இளம் ஆக்களுக்கு, கட்டின மனிசிக்கு, கந்தோரில எனக்குக் கீழ வேலை செய்தவைக்கு. நான் பி.டபிள்யூ.டியில முப்பது வருசம் ஓவர்சியர். ஆருக்கு எந்தப் படி எண்டு எனக்கு வடிவாத் தெரியும்.

சம்பந்திக்கு எந்தப் படி? நீரே சொல்லும். பெண் குடுத்த வீடு ஒண்டு, பெண் எடுத்த வீடு ஒண்டு. சம்பந்திமார் சண்டையில அடிபட்டாலும் நீங்கள் எண்டு சொல்லித்தான் அடிபடவேணும்.

மாஸ்டர் என்ர மகள் யசோவின்ர மாமனார். மகன் முகுந்தனோட ஏஜாக்சில இருந்தவர். நானும் மனிசியும் ஸ்காபரோவில தனிய. ஊரில தமிழ் படிப்பிச்ச மனிசன், இங்க வந்தும் விடேல்லை. சனிக்கிழமை பின்னேரத்தில கோயில் மண்டபத்தில பிள்ளையளைப் பிடிச்சு வைச்சுப் படிப்பிக்கும். வீட்டில கதைக்கிறதும் அப்பிடித்தான். ஃபிரிட்ஜ் எண்டு வாயில வராது, குளிர்பெட்டி. சாண்ட் பேப்பர் இல்லை, அரத்தாள். பிரஷ் இல்லை, தூரிகை. மரம் தேய்க்கப் போறாரோ படம் கீறப் போறாரோ எண்டு பாக்கிற ஆளுக்குச் சந்தேகம் வரும். பேத்திக்குப் பேர் வைச்சதும் அவர்தான். மகிழினி. பள்ளிக்கூடத்தில அந்த ழவுக்கு ஒருத்தற்ற நாக்கும் வளையேல்லை. மாகி எண்டு கூப்பிடினம். நான் ரம்யா எண்டு வைக்கச் சொன்னனான். ஆர் கேட்டது?

அவளின்ர ஏழாவது பிறந்தநாளுக்குத்தான் முகுந்தன் இந்த ஊஞ்சலை வாங்கினது. இந்த யூன் வந்தால் சரியா மூண்டு வருசம். சீடர் மரம். ரெண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஏறிப் போக ஏணி, ஏணிக்கு மேல ஒரு சின்ன மேடை. எல்லாம் கட்டையும் ஆணியுமாப் பெட்டியில வந்துது. நானும் மாஸ்டருமாத்தான் பூட்டினது. பூட்டினது எண்டால், அவர் பூட்டினார், நான் எப்பிடிப் பூட்டுறது எண்டு சொன்னன். அவர் தேய்ச்சார், மரத்தின்ர ரேகை ஓடுற வழியே தேய்க்கவேணும் எண்டு நான் சொன்னன். வெள்ளிக்கிழமை முழுக்க எண்ணெய் ஸ்டெயின் பூசினார். நான் கதிரை போட்டு இருந்து பாத்தன். ஒரு வேலைக்கு மேற்பார்வை இல்லாட்டில் அது வேலையே இல்லை.

சனிக்கிழமை பிறந்தநாள். முகுந்தன்ர சிநேகிதப் பெடியள், அவையின்ர மனிசிமார், பிள்ளையள், எல்லாம் பின்வளவில. ஒரு பக்கம் இறைச்சி வாட்டினம். நல்ல வெயில். ஊஞ்சலின்ர மூலைக்காலுக்குப் பக்கத்தில யசோ நட்ட தக்காளிக் கண்டுகள் வாடிப்போய் நிண்டுது. சனத்துக்கு வடை தெரியும், கோழிக்கால் தெரியும், ஒரு கண்டு வாடுறது தெரியாது. நான் எழும்பிப் போய் ஹோஸை எடுத்தன். பைப்பைத் திறந்துபோட்டு அந்த மூலைக்கு நடந்தன். அங்காலயிருந்து மாஸ்டர், இருபது பேருக்கு நடுவில நிண்டு, கையை நீட்டி, வகுப்பில கடைசி வாங்கில இருக்கிறவனுக்குச் சொல்லுற குரலில சொன்னார்.

"சம்பந்தி, இரண்டு நாளைக்கு மரத்தை நீர் தொடக்கூடாது."

நீர் தொடக்கூடாது. சம்பந்தி எண்டு மரியாதையாத் தொடங்கி, நீர் எண்டு முடிச்சார். இருபது பேருக்கு முன்னால. ஒரு பெடியன் சிரிச்சவன். அவன் வேற எதுக்கும் சிரிச்சிருக்கலாம், ஆனால் சிரிச்சவன். நான் ஹோஸைக் கையை விட்டன். தண்ணி முழுக்க என்ர சப்பாத்துக்குள்ள போச்சுது. "நல்லது மாஸ்டர்" எண்டன். சம்பந்தி எண்ட சொல்லை அண்டையோட விட்டன்.

வீட்டை வந்து மனிசிக்குச் சொன்னன். அவள் ஒரு விசயத்தை லேசில நம்பமாட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசன் அப்பிடிச் சொல்லுற ஆளோ?"

"என்ர காதால கேட்டனான்."

"உங்கட காதுதானே. ஒருக்கா அவரைக் கேளுங்கோவன்."

கேக்கிறதோ? என்னெண்டு கேக்கிறது தம்பி? நீங்கள் என்னை நீர் எண்டு சொன்னனீங்களோ எண்டு நான் கேட்டு, அவர் ஓம் எண்டு சொன்னால், பிறகு நான் என்ன செய்யிறது? கேளாமல் விட்டால் மரியாதையாவது மிஞ்சும்.

தொடக்கூடாது எண்டவரெல்லோ? நான் தொடேல்லை. அவர் சொன்னது ரெண்டு நாள். நான் மூண்டு வருசம் தொடேல்லை. ஆருக்கு வைராக்கியம் கூட எண்டு பாப்பம் எண்டு விட்டன்.

சனிக்கிழமையில நாங்கள் மகள் வீட்டை போவம். பிள்ளை என்ர கையைப் பிடிச்சுப் பின்வளவுக்கு இழுப்பாள்.

"அம்மப்பா, என்னை ஆட்டிவிடுங்கோ."

"நான் தொடக்கூடாது பிள்ளை."

"ஏன்?"

"அப்பப்பாவைக் கேள். அவருக்குத்தான் தெரியும்."

அவள் போய்ப் பலகையில இருந்து, சங்கிலியை இழுத்து இழுத்துப் பாப்பாள். நான் கதிரையில இருந்து பேப்பர் பாப்பன். கொஞ்ச நேரத்தில மாஸ்டர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு வந்து ஆட்டிவிடுவார். உயரமா. பிள்ளை சிரிக்கிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேக்கும். எனக்குக் காட்டத்தான் அவ்வளவு உயரம்.

அந்தப் பிறந்தநாள் முடிஞ்சு மூண்டு நாலு கிழமையால யசோ ரெலிபோன் எடுத்தாள். "அப்பா, உங்களுக்கு அந்த ஸ்டெயின் ஒத்துக்கொள்ளாதோ? ஊஞ்சலைத் தொடக்கூடாதெண்டு பிள்ளைக்குச் சொன்னனீங்களாம். ஏதும் அலர்ஜியோ?" நான் யோசிச்சன். இல்லை எண்டால் காரணம் சொல்லவேணும். காரணம் சொன்னால் மகளின்ர வாழ்க்கையில சண்டை. "ஓம் பிள்ளை, மூக்கு அடைக்குது" எண்டன். பாத்தீரோ, அவளுக்காகத்தான் சொன்னது. எனக்கு இதால ஒரு பிரயோசனமும் இல்லை.

இனி மாஸ்டற்ற வேலையைக் கேளும். எண்ணெய் ஸ்டெயின் ஒருக்காப் பூசினால் மூண்டு வருசம் அசையாது. இந்த மனிசன் அடுத்த மே மாசமே இருந்த ஸ்டெயின் முழுக்கத் தேய்ச்சு எடுத்துப்போட்டு வேற ஒண்டைப் பூசுது. தண்ணியில கலக்கிற வகை. மணமும் இல்லை, குணமும் இல்லை. ஒரு பனிக்காலத்தோட மங்கிப் போயிடும். ஆனபடியால் மே மாசம் ஒருக்கா, செப்டெம்பரில பனிக்கு முந்தி ஒருக்கா. எழுபத்தாறு வயசில நிலத்தில காட்போட் மட்டையை விரிச்சு, மல்லாக்கக் கிடந்து, மேடையின்ர அடிப்பக்கத்துக்குப் பூசும். அடிப்பக்கத்தை ஆர் பாக்கப் போகினம்? அதுவும் மரத்தின்ர ரேகைக்குக் குறுக்கால பூசுறார். வழிஞ்சு மூக்கில விழும். நான் குசினி யன்னலுக்குள்ளால பாத்துப் பாத்து மனிசிக்குச் சொல்லுவன். பாரும், முதல் கோட் காயேல்லை, ரெண்டாவது போடுறார். பாரும், ஆணித் தலையை விட்டுட்டார். படிச்ச முட்டாள் எண்டு இதைத்தான் சொல்லுறது.

மனிசி பாத்திரம் கழுவிக்கொண்டு சொல்லுவாள், "அவ்வளவு தெரிஞ்சால் வெளியில போய்ச் சொல்லுங்கோவன். கண்ணாடிக்குச் சொல்லி என்ன?"

"நான் தொடக்கூடாதெண்டெல்லோ அவற்ற ஓடர்."

"வாயாலயும் தொடக்கூடாதோ?"

அவளுக்கு நாக்கு நீளம். அவளுக்கு நான் நீர் எண்டுதான் சொல்லுறது, அவள் எனக்கு நீங்கள். எந்தப் படியில நிண்டாலும் அவள் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போடுவாள்.

இன்னொண்டு. போனதுக்கு முந்தின கிறிஸ்மஸுக்கு மாஸ்டர் எனக்கொரு பரிசு குடுத்துவிட்டவர். வடிவாக் கடதாசி சுத்தி, ரிபன் கட்டி. பிரிச்சுப் பாத்தால் மாஸ்க். பெயின்ற் அடிக்கிற ஆக்கள் மூக்கையும் வாயையும் மூடிப் போடுவினமே, அது, ஒரு பெட்டி நிறைய. என்ன அர்த்தம் தம்பி? வாயை மூடு எண்டு அர்த்தம். தமிழ் வாத்தியார், சொல்லாமல் சொல்லுறார். நான் அதைப் பெட்டியோட கட்டிலுக்குக் கீழ தள்ளிவிட்டன். நன்றி எண்டு ஒரு சொல் சொல்லேல்லை.

பிறகு ஆள் செத்துப்போனார். சொன்னனெல்லோ.

செத்தவீட்டில சம்பந்தி எண்ட முறையில என்னையும் ரெண்டு வசனம் கதைக்கச் சொல்லிச்சினம். நான் நல்லா யோசிச்சுத்தான் போனனான். பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு சொன்னன், "எத்தனையோ பேர் இருந்தாலும், மாஸ்டர் என்னைத்தான் நீர் எண்டு சொன்னவர். அந்த உரிமையை அவர் எடுத்துக்கொண்டவர்." ஊசி ஏத்திற மாதிரித்தான் ஏத்தினன். நல்லா உறைக்கட்டும் எண்டு. பாத்தால் சனம் மூக்கைச் சீறுது. முகுந்தன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுறார்.

சம்பந்தியம்மா என்ர கையைப் பிடிச்சா. "அண்ணை, அவர் பெத்த பிள்ளையையே நீங்கள் எண்டுதான் சொல்லுறவர். என்னையும் நாப்பத்தெட்டு வருசமா நீங்கள்தான். ஒருத்தரையும் நீர் எண்டு அவற்ற வாயால நான் கேட்டதில்லை. உங்களைச் சொல்லியிருக்கிறார் எண்டால், உங்களில எவ்வளவு வாரப்பாடு, எவ்வளவு அன்பு."

எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாரும். உலகத்தில உள்ள சனம் எல்லாத்துக்கும் நீங்கள். நாய்க்கும் நீங்கள் எண்டிருப்பார். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நீர். அது நான்.

ரெண்டு கிழமைக்கு முந்தி யசோ எடுத்தாள். "அப்பா, ஊஞ்சல் கறுத்துப்போய்க் கிடக்குது. முகுந்தன் தகப்பன்ர நினைவில கிட்டப் போறாரில்லை, பெரும்பகுதியை இந்தக் கிழமை கழட்டுவிக்கப் போறாராம். நிக்கிற மிச்சத்துக்காவது நீங்கள் ஒருக்காப் பூசிவிடுவியளோ? மாமா தந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு செய்யுங்கோ."

"அந்த மாஸ்க்கோ?"

"உங்களுக்கெண்டுதானே தேடி வாங்கினவர். ஸ்டெயினையும் உங்களுக்காகத்தானே மாத்தினவர். எண்ணெய் மணம் சம்பந்திக்கு ஒத்துக்கொள்ளாது, அவர் பிள்ளையோட பின்வளவில நிக்க ஏலாமல் கிடக்கு எண்டு. வருசத்தில ரெண்டு தரம் பூசவேணும் எண்டு கடையில சொன்னவை. பரவாயில்லை எண்டவர். உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

தெரியும் எண்டு சொன்னன். ரெலிபோனில வேற என்ன சொல்லுறது?

அவர் அந்தப் பூசுற வேலையால செத்தவர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அதையும் சொல்லிவைக்கிறன். இருதயம் முதலே பழுது. டொக்டரும் சொன்னவர்.

போன சனிக்கிழமை போனன். பின்வளவுக் கொட்டிலுக்குள்ளதான் அவற்ற சாமான் எல்லாம். பிரஷ் எல்லாம் கழுவி, காயவைச்சு, பழைய வேட்டித் துண்டில சுத்தி வைச்சிருக்கு. கொட்டில் கதவின்ர உள்பக்கத்தில ஒரு தாள் ஒட்டியிருந்துது, அவற்ற முத்து முத்தான கையெழுத்து. நான் வாசிக்கிற கண்ணாடியை வீட்டில விட்டிட்டுப் போட்டன். பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னன். அவள் அவரிட்டப் படிச்சவள், எழுத்துக் கூட்டி நல்லா வாசிப்பாள்.

"ஊஞ்சலுக்குச் சாயம் பூசும் முறை. மழை பெய்தால் மூன்று நாள் பொறுக்கவும். அரத்தாளால் மெதுவாகத் தேய்க்கவும். தூசியைத் துணியால் துடைக்கவும். ரேகையின் வழியே பூசவும், சம்பந்தி சொல்வது சரி."

அப்பிடி எழுதியிருந்துது தம்பி. நான் திருப்பி வாசிக்கச் சொன்னன். திருப்பியும் அதைத்தான் வாசிச்சாள். பிறகு கடைசி வரி.

"பூசிய பின் இரண்டு நாளைக்கு மரத்தை நீர் தொடக்கூடாது."

"பாத்தியோ" எண்டன். "எழுதியும் வைச்சிருக்கிறார்."

"என்னத்தை, அம்மப்பா?"

"நான் தொடக்கூடாதெண்டு."

அவள் தாளைப் பாத்தாள், என்னைப் பாத்தாள். "இது உங்களை இல்லை. நீர் எண்டா வோட்டர்."

"நீர் எண்டால் ஆளையும் சொல்லுறது பிள்ளை."

"இல்லை. நிலம், நீர், நெருப்பு, காற்று, வானம்." விரலை மடிச்சு மடிச்சுச் சொன்னாள். "ஆளை எப்பிடி வோட்டர் எண்டு சொல்லுறது? நீங்கள், இல்லாட்டி நீ. நீர் எண்டு ஆக்களை அப்பப்பா சொல்லித்தரேல்லை."

நான் சுத்தி வைச்சிருந்த பிரஷ் ஒண்டை எடுத்துப் பிரிச்சுப் பாத்து, திருப்பிச் சுத்தினன். அவளுக்குச் சலிச்சிருக்கவேணும்.

"அப்ப உங்களுக்கு அலர்ஜி எண்டது?"

"அலர்ஜிதான்" எண்டன்.

"ஓகே" எண்டுபோட்டு உள்ளுக்குப் போட்டாள்.

நீர் இப்ப என்ன யோசிக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும். யன்னலைப் பாக்காமல் என்னைப் பாரும். நான் ஒண்டு கேக்கிறன், நீர் நியாயம் சொல்லும். ஒரு மனிசன் கையில ஹோஸோட நிக்கிறான். அவனுக்கு "தண்ணி படக்கூடாது" எண்டு சொன்னால் விசயம் முடிஞ்சுதெல்லோ? தண்ணி. பிள்ளைக்கும் வாயில வாற சொல். யாழ்ப்பாணத்தில பிறந்து அறுபது வருசம் கிணத்துத் தண்ணி குடிச்ச மனிசன், தண்ணியை ஏன் நீர் எண்டு சொல்லவேணும்? ஒரு சொல்லைக் கொஞ்சம் இறங்கிச் சொல்லியிருந்தால் நான் மூண்டு வருசம் அந்தப் பிள்ளையை ஆட்டியிருப்பன். உயரமா ஆட்டியிருப்பன், அவரை விட உயரமா. பிழை ஆரில? அவரில. இப்பவும் சொல்லுறன், அவரில.

மனிசியிட்டயும் இதைத்தான் கேட்டன். அவள் கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு அந்த மாஸ்க் பெட்டியை இழுத்து, தூசியைத் தட்டி, என்ர பைக்குள்ள வைச்சாள்.

கடையில நிண்ட பெடியன் நல்ல பெடியன். "ஐயா, எண்ணெய் ஸ்டெயின் எடுங்கோ, மூண்டு வருசம் நிக்கும், இது எடுத்தால் செப்டெம்பரில திரும்பவும் பூசவேணும்" எண்டான். தெரியும் எண்டன். முப்பது வருசம் ஓவர்சியர், எனக்குத் தெரியாதோ. இதைத்தான் எடுத்தன். எனக்கு அலர்ஜியெல்லோ.

என்ன, பிள்ளை சந்தோசப்படுவாளோ எண்டோ கேக்கிறீர்? அவளுக்கு அடுத்த மாசம் பத்து முடியுது. தகப்பன்ர பக்கத்து உயரம். சறுக்கையும் ஏணியையும் மேடையையும் முகுந்தன் ஆள் பிடிச்சுக் கழட்டி, பின்வீட்டுச் சீனப் பிள்ளையளுக்குக் குடுத்திட்டார். ஒரு ஊஞ்சலின்ர கொளுக்கி துருப்பிடிச்சு அதையும் இறக்கியாச்சு. இப்ப அங்க நிக்கிறது நாலு காலும், குறுக்கால ஒரு வளைமரமும், ஒரு ஊஞ்சலும். அதில அவள் இருந்தால் முழங்கால் மடிஞ்சு, சப்பாத்து ரெண்டும் புல்லில முட்டுது.